அழிக்கச் சொன்ன சீர்

அன்றைக்கு சுகன்யாவின் கையில் இருந்தது ஒரே ஒரு காலி மெமரி கார்டு. அதுவும் ஸ்டூடியோவில் இருந்த மூன்றில் சிறியது.

மற்ற இரண்டும் எங்கே போயின என்பதை முதலில் சொல்லிவிடலாம். பெரிய கார்டு ஒன்றை அவள் கணவன் அருண்பாண்டி எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே பழனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். நல்ல முகூர்த்த நாள். திண்டுக்கல் நாகல் நகரில் அவர்கள் இருவரும் நடத்தும் ஸ்டூடியோவுக்கு அன்று இரண்டு வேலை. இன்னொரு பெரிய கார்டில் முந்தின நாள் எடுத்த வேறொரு கல்யாணம் முழுதாக இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டால் கார்டு காலியாகும். ஆனால் ஹார்டு டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. புதியதை இவன் வாங்கி வருவான் என்று அவளும் அவள் வாங்கி வருவாள் என்று இவனும் இருந்துவிட்டார்கள். கார்டில் இருப்பது வேறு இரண்டு இடத்தில் பத்திரமாகச் சேரும்வரை அதை அழிக்கக் கூடாது என்பது ஸ்டூடியோவின் சட்டம். சட்டம் போட்டவள் சுகன்யா. ஆகவே அந்தக் கார்டு, 'தொடாதே' என்று எழுதிய பிளாஸ்திரி ஒட்டிய சின்ன டப்பாவில், கேமராப் பையின் உள் அறையில் கிடந்தது.

வேலை, மோகன்குமாரின் மகள் ஹரிணிக்கு மொட்டை, காதுகுத்து. மோகன்குமார் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவர். குழந்தைக்கு மூன்று வயது. இடம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். மலையடிவாரத்தில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புளியமரத் தோப்புக்கு நடுவே இருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

குழந்தையின் அம்மா ஜோதிமணி அங்கே வரமுடியாது. எட்டாம் மாதத்திலேயே இரண்டாவது பிரசவமாகி, வயிற்றைக் கிழித்து எடுத்த பையனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவள் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். விசேஷத்தைத் தள்ளிப் போடலாம் என்று மோகன்குமார் சொன்னபோது அவள்தான் கூடாது என்றாள். காரணம் அவளுடைய இரண்டு அண்ணன்கள். கீரனூரில் கூட்டுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற தகராறில் மூத்தவர் நாச்சிமுத்துவும் இளையவர் வேலுமணியும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. ஒருவன் வருகிற விசேஷத்துக்கு இன்னொருவன் வருவதில்லை. இந்தக் காதுகுத்துக்கு மட்டும், தாய்மாமன் சீர் கொண்டு வராமல் முடியாது என்பதால், இருவரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளை மாற்றினால் மனசும் மாறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் மோகன்குமார் சுகன்யாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். என்னென்ன எடுக்க வேண்டும் என்று மனைவியே சொல்ல ஆசைப்படுகிறாள் என்றார். அவரும் ஒரு ஆசை சொன்னார். வீட்டுக்குப் பெரிய டி.வி. வாங்கியிருப்பதால் எல்லாம் 4K-யில் வேண்டும். ஜோதிமணி நீளமாக எதுவும் சொல்லவில்லை.

"அக்கா, என்னத்த எடுத்தாலும் எடுக்காட்டியும் காது குத்துறப்ப அவ மூஞ்சிய மட்டும் உட்றாதீங்க. அழுதான்னா புடிச்சுக்க நான் பக்கத்துல இருந்திருக்கோணும். பாக்கவாச்சும் வேணுமுங்க்கா."

சரி என்று சுகன்யா சொன்னாள். அந்தச் சரிக்குள் ஒரு கணக்கு இருந்தது. சின்னக் கார்டில் 4K எடுத்தால் நாற்பது நிமிஷம் பிடிக்கும். சாதாரண ஹெச்.டி.யில் எடுத்தால் அதைப்போல நாலைந்து மடங்கு. மொட்டையைச் சுருக்கமாக, அலங்காரத்தைச் சுருக்கமாக, சீர் வருவதை அளவாக எடுத்தால், காதுகுத்துக்குத் தாராளமாக இடம் இருக்கும். கோபுரம், புளியமரம், பொங்கல் பானை என்று ஒன்றையும் தொடக்கூடாது. அவள் தொடவும் இல்லை.

காலையில் மொட்டை அடிக்கும்போது ஹரிணி அழவில்லை. அடித்து முடித்ததும் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையையும் தடவிப் பார்த்தாள். சுகன்யா அதோடு நிறுத்தினாள். அது முதல் துண்டு. இரண்டாவது, சந்தனம் பூசிப் பட்டுப்பாவாடை கட்டியது. பாவாடைச் சட்டையை ஜோதிமணியே தைத்திருந்தாள். கொக்கி வைப்பதற்குள் வலி வந்துவிட்டது. மோகன்குமார் வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்தியதை, அந்த விரல்களின் தடுமாற்றத்தோடு எடுத்தாள். இரண்டு துண்டும் சேர்ந்து கார்டில் கால்வாசிகூட ஆகவில்லை. கணக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சீர் வந்தது.

இரண்டு மாமன்களும் தனித்தனி வேனில் வந்து, தனித்தனி மேளம் பிடித்து, தோப்பின் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். மூத்தவர் பக்கம் நாதஸ்வரமும் தவிலும். இளையவர் பக்கம் டிரம் செட். ஆளுக்கு முப்பது தட்டுக்குக் குறையாமல் இருக்கும். பழம், பூ, சேலை, குழந்தைக்கு வளையல், வெள்ளிக் கொலுசு, மரப்பெட்டி, மூன்று சக்கர சைக்கிள்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியையும் சொல்ல வேண்டும். அருண்பாண்டியின் அப்பா டேப் போட்டு வீடியோ எடுத்த காலத்தில், டேப்பை மிச்சம் பிடிக்க வெறும் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு சீர்த் தட்டுகளுக்கு முன்னால் நிற்பார். லைட் எரிந்தால் எடுக்கிறார் என்று ஜனங்கள் நம்புவார்கள். ஒருமுறை பெண் வீட்டுப் பங்காளி ஒருவர் கேசட்டைப் போட்டுப் பார்த்து, தன் தட்டு மட்டும் இல்லை என்று தெரிந்து, வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கத்தான் வீட்டில் சொல்வார்கள். சுகன்யாவுக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. லைட் எரிந்தால் கேமரா ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டாள். இரண்டு தரப்புச் சீர் வந்தால் நடுவில் நிறுத்தவே கூடாது என்பதும் அவள் பழக்கம். நிறுத்தினால், எங்கள் தட்டு வரும்போது நிறுத்திவிட்டாள் என்று ஒரு தரப்பு கட்டாயம் சொல்லும்.

ஆகவே ஒரே ஓட்டமாக எடுத்தாள். முதலில் மூத்தவர், திரும்பி இளையவர், மறுபடி மூத்தவர். தட்டுகளை ஜமுக்காளத்தில் இரண்டு வரிசையாக இறக்கி வைத்தார்கள். நிறுத்திவிடலாம் என்று அவள் விரலைக் கொண்டுபோன நேரத்தில், ஹரிணி வரிசைக்குள் நுழைந்து, பெரிய மாமன் தட்டிலிருந்த வளையல் டப்பாவைத் தூக்கி, இரண்டு கையால் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய், சின்ன மாமன் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள்.

சிரிப்பதா என்று எல்லோரும் யோசிப்பதற்குள், நாச்சிமுத்துவின் மனைவி வந்து டப்பாவைத் திரும்ப எடுத்தார். குழந்தை வைத்ததை எதற்கு எடுக்கிறீர்கள் என்று இளையவர் பக்கம் ஒரு குரல் கேட்டது. வளையல் வாங்க வக்கில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எதிர்ப்பக்கம் ஒரு குரல். பேச்சு வளையலிலிருந்து கிணற்றுக்குப் போய், கிணற்றிலிருந்து, குழந்தையை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்பதற்கு வந்து நின்றது. மூத்தவன் இருக்கும்போது இளையவன் மடியா என்றார் நாச்சிமுத்து. ஜோதிமணிக்குக் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டார் வேலுமணி.

சுகன்யாவால் நிறுத்த முடியவில்லை. இருவரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் லைட்டைப் பார்த்தார்கள். 4K-யை ஹெச்.டி.க்கு மாற்றவும் முதலில் நிறுத்தியாக வேண்டும். திரையின் மூலையில் மிச்ச நிமிஷங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இதோ முடியும், இதோ முடியும் என்று பார்த்தாள். முடிந்தது சண்டை இல்லை, கார்டு. கேமரா தானாக நின்றது. மேலே மாட்டியிருந்த லைட் தனி பேட்டரி. அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லை. சண்டை போட்டவர்கள் அணைந்துபோன கேமராவுக்கு முன்னால் இன்னும் சரியான கோணத்தில் நின்று பேசினார்கள். சுகன்யாவுக்கு முகம் சுட்டது. லைட்டை அணைத்தாள்.

போட்டோ எடுக்க வந்திருந்த அக்மல் முதலில் பார்த்தான். பேகம்பூரில் அவனுக்குத் தனி ஸ்டூடியோ; முகூர்த்த நாட்களில் இவர்களுக்குக் கைகொடுக்க வருவான். அவன் கேமராவின் கார்டு வேறு அளவு, இதில் நுழையாது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பைக்குள் கிடந்த டப்பாவைக் கண்ணால் காட்டினான். அந்தக் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி ஒரு மணி நேரம் இருக்கும், அதில் கொஞ்சம் எடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று மெதுவாகக் கேட்டான்.

"வேணாம் அக்மல். கேக்கணும்னா அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க இங்க இல்லைல்ல."

"கேட்டுட்டு அழிக்கிற வீடியோக்காரிய இப்பத்தான்க்கா பாக்குறேன்" என்றான் அவன்.

மோகன்குமாரிடம் சொன்னார்கள். அவர் போனைக் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். வீடியோ காலில் ஜோதிமணியின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்திருந்தது. உடனே ஒரு பையனை பைக்கில் திண்டுக்கல்லுக்குக் கார்டு வாங்க அனுப்பினார். போய்வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறக்கிறது. காது குத்த வந்திருந்த ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு, நேரம் பதினொன்றே கால் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இத்தனை பேர் கையில் போன் இருக்கிறதே, அதில் எடுத்தால் ஆகாதா என்று மோகன்குமார் கேட்டார்.

ஆகும் என்றுதான் சுகன்யா சொன்னாள். ஆனால் அவளுக்குத் தெரியும். ஊசி காதுக்குப் பக்கத்தில் போகும்வரை எல்லாப் போனும் உயர்ந்திருக்கும். பிள்ளை வீறிட்டதும் பாதிப் பேர் போனை இறக்கிவிட்டுப் பிள்ளையைத் தேற்ற ஓடுவார்கள். மீதிப் பேருக்கு முன்னால் அந்த ஓடியவர்களின் முதுகு இருக்கும். எத்தனையோ காதுகுத்தில் பார்த்திருக்கிறாள். அவளுடைய போனிலோ ஒரு போட்டோவுக்குக்கூட இடமில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பிய காலை வணக்கங்களால் நிரம்பிக் கிடந்தது.

கார்டில் இருந்தது மூன்றே துண்டு. மொட்டை. ஊக்குக் குத்திய பாவாடை. சீர். முதல் இரண்டிலும் ஜோதிமணியின் குழந்தை தனியாக இருந்தது. மூன்றாவதில் அண்ணன்கள். மூன்றாவது நிறுத்தாமல் எடுத்த ஒரே துண்டு. கேமராவுக்குள் அதை நடுவில் வெட்டி ஒரு பாதியை வைத்து ஒரு பாதியை எறிய முடியாது. எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாமல் அழித்திருக்கலாம். லைட்டை எல்லோரும் பார்த்தார்கள், நம்பினார்கள். கார்டு கெட்டுவிட்டது என்று பிறகு சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? சுகன்யா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாச்சிமுத்துவிடம் போனாள். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டி, சீர்த் தட்டுகளுக்குக் காவல் போல நின்றிருந்தார். நாலடி தள்ளி வேலுமணி, முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் உள்ளதைச் சொன்னாள். கார்டு நிரம்பிவிட்டது. உங்கள் சீர் இதில் இருக்கிறது. இது இருந்தால் காதுகுத்துக்கு இடமில்லை. உங்கள் தங்கச்சி கேட்டது பிள்ளையின் முகத்தை.

 தங்கச்சி பார்க்க வேண்டுமென்றுதானே இத்தனை தட்டும் வேன் பிடித்துக் கொண்டுவந்தது என்றார் நாச்சிமுத்து. அவள் கல்யாணத்தில் சீர் குறைச்சல் என்று அவள் நாத்தனார் சொன்ன சொல் இன்றைக்கும் தன் காதில் இருக்கிறது என்றார். அதில் நியாயம் இருந்தது. 

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏனுங்கம்மிணி, அவனுத மட்டும் அழிச்சா எடம் பத்தாதுங்களா?"

"தனியா அழிக்க முடியாதுங்கண்ணே. ரெண்டு பேருதும் ஒரே துண்டா ஓடிருக்கு. போனா ரெண்டும் சேந்துதான் போகும்."

முதுகைக் காட்டிக்கொண்டிருந்த வேலுமணி திரும்பினார்.

"அவருதும் போயிருமுங்களா?"

"போயிரும்."

"ஒரு தட்டுகூட மிஞ்சாதுங்களே?"

"மிஞ்சாது."

வேலுமணி தலையைச் சொறிந்தார். "அப்பறமென்னங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. அவரைய கேளுங்க."

"அவனே சரீங்கறப்ப நான் என்னத்துக்கு வேண்டாங்கறேன்?" என்றார் நாச்சிமுத்து.

பக்கத்தில் நின்ற அக்மல் மறுபக்கம் திரும்பி, கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆனால் இருவருக்கும் அடுத்தவர் சொல்லில் நம்பிக்கை இல்லை. அழிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். சுகன்யா கேமராவைத் திருப்பிச் சின்னத் திரையைக் காட்டினாள். வெயிலில் தெரியவில்லை. நாச்சிமுத்து மேல்துண்டை எடுத்துத் திரைக்கு மேல் பந்தல் போலப் பிடித்தார். துண்டின் மறுநுனி காற்றில் அடித்தது. வேலுமணி அதைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் பேசாத இரண்டு தலைகள் அந்தத் துண்டுக்குள் வந்தன.

எந்த வீடியோத் துண்டு என்று காட்டுவதற்காக அவள் கடைசிப் பகுதியை ஓட்டினாள். உள்ளங்கையளவு திரையில் ஹரிணி வளையல் டப்பாவை அணைத்துக்கொண்டு ஜமுக்காளத்தைக் கடந்தாள். டப்பாவை வைத்தாள். தலையைத் தடவினாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் வேலுமணி.

அவள் போட்டாள்.

"நேரமாச்சு" என்று ஆசாரி அங்கிருந்து குரல் கொடுத்தார்.

நாச்சிமுத்து மூச்சு விட்டார். "செரி, அமுக்குங்கம்மிணி."

அழிக்கவா, வேண்டாமா என்று கேமரா ஒருமுறை கேட்டது. சுகன்யா இருவரையும் பார்த்தாள். அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுக்கினாள். இடம் காலியானதும் தரத்தை ஹெச்.டி.க்கு இறக்கினாள். பெரிய டி.வி.யில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தெரியட்டும்.

மடிச் சண்டை மட்டும் பாக்கி இருந்தது. அதை ஆசாரி முடித்துவைத்தார். "மாமன் ரெண்டு, காதும் ரெண்டுதானய்யா இருக்கு. ஒட்டி உக்காருங்க ரெண்டு பேரும். எனக்கு இன்னும் ரெண்டு எடத்துக்குப் போகணும்."

ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மூத்தவர் தொடை, ஒரு பக்கம் இளையவர் தொடை, நடுவில் ஹரிணி. சுகன்யா மறுபடி லைட்டைப் போட்டு, மண்டியிட்டு, குழந்தையின் முகம் மட்டும் நிறைகிற அளவுக்கு நெருங்கினாள். தாய்மாமன்களின் முகம் வரவில்லை, கழுத்துச் சங்கிலி வரவில்லை. அவர்களுடைய கைகள் மட்டும் குழந்தையின் கன்னத்துக்கும் தாடைக்கும் பக்கத்தில் வந்தன.

வலது காதில் கம்பி ஏறியபோது ஹரிணிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கண்ணை அகல விரித்து லைட்டைப் பார்த்தாள். புரிந்ததும் உதடு பிதுங்கியது. சுற்றி உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஐயோ சாமி, தங்கம் என்று ஆட்கள் குனிந்தார்கள். சுகன்யாவின் முதுகில் யாரோ முட்டினார்கள். அவள் கேமராவை அசைய விடவில்லை. இடது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுவந்தபோது, குழந்தை தனக்கு மிகப் பக்கத்தில் இருந்த ஒரு கட்டை விரலை வாயில் வாங்கிக் கடித்தது. வேலுமணியின் விரல். அவர் கையை இழுக்கவில்லை. கம்பி முறுக்கி முடியும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்த இன்னொரு கை, பெரிய கை, மொட்டைத் தலையில் இறங்கி, அங்கிருந்து தம்பியின் மணிக்கட்டின் மேல் தங்கியது. பிறகு அழுகை அடங்கி, விக்கல் வந்து, யாரோ கொடுத்த கல்கண்டை நாக்கால் தொட்டுப் பார்க்கிறவரை சுகன்யா நிறுத்தவில்லை.

பைக்கில் போன பையன் புதுக் கார்டோடு வந்து சேர்ந்தபோது இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த விசேஷத்தில் பந்தியும் பாயசமும் மட்டும் மகா தெளிவாக, 4K-யில் கிடைத்தன.

அழித்தது திரும்ப வருமா என்று அன்று சாயங்காலமே அருண்பாண்டி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான். வீடியோவாக ஓடவில்லை. அழித்த இடத்தின் தலைமாட்டில் காதுகுத்து ஏறி உட்கார்ந்துவிட்டது. நிறம் உடைந்த சதுரங்களாக ஒன்றிரண்டு படம் மட்டும் வந்தது. ஒன்றில் வாழைப்பழமோ பூவோ, மஞ்சளாக ஏதோ இருந்தது.

மறுநாள் சுகன்யா கேமராவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜோதிமணி ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் போனில் அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஒண்ணுல முழங்கை. ஒண்ணுல எங்க நாத்தனாரு கொண்டை. ஒண்ணுல வெறும் புளியமரமுங்க்கா. சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்குது."

சுகன்யா திரையைத் திருப்பிக் கையில் கொடுத்தாள். மொட்டை ஓடியது, ஊக்கு ஓடியது, காதுகுத்து ஓடியது. ஜோதிமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஓட்டச் சொன்னாள். இரண்டாவது முறை அழவில்லை; திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

"இது பெரியண்ணன் கை. மம்முட்டி புடிச்சுக் காச்சுப் போனது. அவ வாயில இருக்கறது யாருதுங்க?"

"உங்க சின்ன அண்ணனோடது."

"கடிக்கறாளே?"

"நல்லா கடிச்சா. பந்தியில ரசஞ்சோறு பெசையும்போது எரியுதுன்னாரு."

ஜோதிமணி இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "சீரு வந்ததுங்க்கா? எங்க நாத்தனாரு நாளப்பின்ன பேசுவாங்க. எத்தன தட்டு, என்னென்ன வெச்சாங்கன்னு எனக்குத் தெரியோணுமே."

சுகன்யா இந்தக் கேள்விக்குத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். கார்டு நிரம்பியது, ஒரே துண்டாக ஓடியது, கேட்டது, அழித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஜோதிமணியின் முகம் வாடியது. அந்தச் சீரும் அவள் பார்க்க ஆசைப்பட்டதுதான். இல்லை என்று ஆகிவிட்டது. நானே முன்கூட்டி ஒரு கார்டு வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று சுகன்யா சொன்னாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் போனார். ஜோதிமணி அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அழிச்சுக்கலாம்னு ரெண்டு பேருமா சொன்னாங்க?"

"ரெண்டு பேரும்தான். பெரியவரு உங்க சின்ன அண்ணனோடத மட்டும் அழிக்கச் சொன்னாரு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னேன். அப்பத்தான் சின்னவரு திரும்பி, அவருதும் போகுமான்னு கேட்டாரு. போகும்னதும், எனக்கு ஆட்சேபணை இல்ல, அவரக் கேளுங்கன்னாரு."

"அவரக் கேளுங்கன்னா?"

"ஆமா. வெயிலுக்கு மேல்துண்டைப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் தலைய உள்ள விட்டு, நான் அமுக்குறதப் பாத்தாங்க."

ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள், யார் எங்கே நின்றார்கள் என்பதோடு. சுகன்யா சொன்னாள். கேட்டுவிட்டு, நாலு வருஷத்தில் அண்ணன்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான் என்றாள்.

பிறகு தலையணையைச் சரி செய்துகொண்டாள். "படம் போனாப் போகுது. நீங்க பாத்தீங்கள்ல? தட்டுத் தட்டாச் சொல்லுங்க. நாத்தனாரு கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அத்தனை நேரம் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் அந்தத் தட்டுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் சுகன்யா. நாச்சிமுத்துவின் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். பச்சை நாடன் வாழைப்பழம் இரண்டு சீப்பு. மல்லிகையும் மரிக்கொழுந்தும் ஒரு பந்து. மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. சொல்லிக்கொண்டு வரும்போதே, ஒரு பக்கத்தையே சொல்கிறோம் என்று தோன்றியது. வேலுமணியின் வரிசைக்குத் தாவி, மாதுளை, வெள்ளிக் கொலுசு, மரப்பெட்டி என்று சொன்னாள். மறுபடி மூத்தவர். மறுபடி இளையவர். ஜோதிமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலை அசைந்தது.

வளையல் டப்பா வந்தபோது சுகன்யா நின்றாள். ஹரிணி தூக்கிக்கொண்டு போனதை, நெஞ்சோடு அணைத்ததை, வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டதைச் சொன்னாள்.

ஜோதிமணி கண்ணைத் திறக்கவில்லை.

"இத யாரு பக்கம் வெக்க?" என்று சுகன்யா கேட்டாள். "எடுத்தது பெரியவரு தட்டுல. வெச்சது சின்னவரு தட்டுல."

"ரெண்டு பக்கமும் சொல்லீருங்க்கா" என்றாள் ஜோதிமணி. "மேக்கொண்டு போங்க."